காது கேளாத தம்பிக்கு வேலை: கிடைப்பதும் நிலைப்பதும்

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. சிறப்புப் பள்ளியில் பத்தாவது வரை படித்து ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தான். இரண்டு வருடத்தில் மூன்று கம்பெனி ஏறி இறங்கியாகிவிட்டது. முதல் இடத்தில் இரண்டாம் மாதமே அவனாக நின்றுவிட்டான். அடுத்த இடத்தில் 'சொன்னால் கேட்பதில்லை' என்று நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் சேஃப்டி என்று காரணம் சொல்லி இன்டர்வியூவோடு அனுப்பிவிட்டார்கள். எதற்கெடுத்தாலும் கம்பெனியிலிருந்து எனக்குத்தான் ஃபோன் வரும். நல்ல வேலை எங்கே தேடுவது, கிடைத்தால் எப்படி நிலைக்க வைப்பது?

பதில்:

நீங்கள் எழுதியதை ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். மூன்று இடத்திலும் தம்பியின் கைவேலையை யாரும் குறை சொல்லவில்லை. காது கேளாத ஒருவரைப் பார்த்து 'சொன்னால் கேட்பதில்லை' என்று ஒரு சூப்பர்வைசர் சொல்கிறார் என்றால், அந்த ஷாப்பில், அதாவது வேலை நடக்கும் பட்டறையில், தகவல் எல்லாம் வாய்வழியாகவே போகிறது என்று அர்த்தம். ஷிஃப்ட் மாற்றம், டிராயிங் மாற்றம், ஓ.டி., பஸ் நேரம் எல்லாமே யாரோ யாரிடமோ நடந்துகொண்டே சொல்வதுதான். அந்தப் பேச்சு தம்பியைத் தாண்டிப் போய்விடுகிறது. வேலை வாங்குவதற்குச் செலவிடும் உழைப்பில் பாதியையாவது, அங்கே தகவல் அவன் கைக்கு எப்படி வந்து சேரும் என்பதைச் சேருமுன்பே பேசி முடிவு செய்வதற்குச் செலவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் காகிதங்களைச் சரிசெய்துவிடலாம். தம்பியிடம் யு.டி.ஐ.டி. கார்டு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, இருக்கிறதா? பழைய தேசிய அடையாள அட்டைப் புத்தகத்தை மட்டும் வைத்திருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். இல்லையென்றால் சுவாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். ஆதார், புகைப்படம், கையெழுத்து, முகவரிச் சான்று போதும். பிறகு அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பரிசோதனை இருக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன்படி, பேச்சு அலைவரிசைகளில் இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர், 60 முதல் 70 டெசிபல் என்றால் கேட்கும் திறன் குறைந்தவர். இடஒதுக்கீடு கோர ஊனத்தின் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். சான்றிதழ் நிரந்தரமா, தற்காலிகமா என்றும் பார்த்துவிடுங்கள். தற்காலிகமாகக் கொடுத்து தேதி முடிந்துபோயிருந்தால், எல்லாத் தேர்விலும் தேறிவிட்டுக் கடைசியில் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுவிடும்.

நம் ஊரில் அடிக்கடி சிக்குகிற இடம் இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பின்னால், பத்தாவது மார்க் ஷீட்டில் முன்னால், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுதாக, யு.டி.ஐ.டி.யில் இனிஷியலே இல்லாமல் என்று நான்கு விதமாக இருக்கும். கம்பெனி பி.எஃப். எண்ணை உருவாக்கும்போது பெயர் பொருந்தாமல் கே.ஒய்.சி. என்ற அடையாளச் சரிபார்ப்பு நின்றுவிடும். காது கேட்கிற பையன் ஹெச்.ஆரிடம் போய் நாலு வார்த்தை பேசித் தீர்த்துக்கொள்வான். தம்பிக்கு அதுவே மூன்று மாத அலைச்சலாகும். ஆதாரில் உள்ளபடியே மற்ற எல்லாவற்றையும் இப்போதே மாற்றி வைத்துவிடுங்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைக் கைவிடாதீர்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவு செய்து ஓராண்டு கடந்தும் வேலை கிடைக்காத மாற்றுத்திறனாளிகளுக்கு மாநில அரசு உதவித்தொகை தருகிறது. பத்தாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மாதம் 600 ரூபாய், மேல்நிலைக்கு 750, பட்டதாரிக்கு 1,000. தொகை சிறியதுதான், ஆனால் தேடுகிற காலத்தில் பஸ் செலவுக்காவது ஆகும். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளையும் எழுதச் சொல்லுங்கள். அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ள 4 சதவீதத்தில் 1 சதவீதம் காது கேளாதவர்களுக்கும் கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கும் உரியது. தேர்வுக் கட்டணம் கிடையாது, வயதிலும் தளர்வு உண்டு. ஆனால் அதற்காக வீட்டில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டாம். ஃபிட்டர் கை ஒரு வருடம் சும்மா இருந்தாலே அளவு தவற ஆரம்பித்துவிடும்.

தனியார் வேலைக்கு எங்கே தேடுவது? தமிழ்நாடு அரசின் தனியார்துறை வேலை இணையம், மத்திய அரசின் என்.சி.எஸ். என்ற வேலைவாய்ப்புத் தளம் இரண்டிலும் மாற்றுத்திறனாளி என்று குறித்தே பதியுங்கள். சென்னை கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய தொழில்சேவை மையம் இருக்கிறது. முன்பு வி.ஆர்.சி. என்று அறியப்பட்ட இடம். உங்கள் கலெக்டர் ஆபீஸில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தம்பியின் விவரத்தை எழுத்தில் கொடுத்து வையுங்கள். முகாம் நடந்தால் அங்கிருந்துதான் கூப்பிடுவார்கள். அப்ரென்டிஸ் வாய்ப்பையும் தள்ளிவிடாதீர்கள். உதவித்தொகை சம்பளத்தைவிடக் குறைவு, பி.எஃப்.பும் இராது. இருந்தாலும், முதன்முதலாகக் காது கேளாத ஒருவரை எடுக்கத் தயங்குகிற கம்பெனி அந்த ஒரு வருடத்தில் தன் பயத்தைத் தானே சோதித்துப் பார்த்துக்கொள்ளும்.

இவை எல்லாவற்றையும்விட நல்ல வழி, ஏற்கெனவே காது கேளாதவர்கள் வேலை செய்கிற கம்பெனிகளைக் கண்டுபிடிப்பது. ஓசூரில் டைட்டன் பல ஆண்டுகளாக மாற்றுத்திறனாளிகளை எடுத்துவருகிறது. காட்பாடியில் 1963-இல் தொழுநோயிலிருந்து மீண்டவர்களின் மறுவாழ்வுக்காகத் தொடங்கிய வொர்த் டிரஸ்ட், இன்று மாற்றுத்திறனாளிகளைக் கொண்டே இயந்திர உதிரிபாகங்களும் பிரெய்ல் தட்டச்சு இயந்திரமும் செய்கிறது. உங்கள் மாவட்டத்தில் எந்தக் கம்பெனி என்பது தம்பியோடு பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் வாட்ஸாப் வீடியோ காலில் சைகையில் பேசிக்கொள்ளும் வட்டம் ஒன்று கட்டாயம் இருக்கும். எந்த ஷாப்பில் மரியாதை உண்டு, எங்கே ஆளை வேடிக்கை பார்ப்பார்கள் என்பது அங்கே போர்டலைவிடச் சரியாகத் தெரியும். அவனையே விசாரிக்கச் சொல்லுங்கள். ஒரே ஷிஃப்ட்டில் காது கேளாத இருவர் இருந்தாலே பாதி பிரச்சினை எழாது. 'ரெண்டு பேரும் கையை ஆட்டிக்கிட்டே இருப்பாங்க' என்று சில சூப்பர்வைசர்கள் இருவரையும் வேறு வேறு ஷிஃப்ட்டில் போடுவார்கள். அதைத் தடுக்க முடிந்தால் தடுத்துவிடுங்கள்.

அடுத்து இன்டர்வியூ. பெற்றோரோ நீங்களோ உள்ளே போய் அவனுக்காகப் பதில் சொன்னால், அந்த நிமிடமே அவன் குழந்தையாகிவிடுகிறான். சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேளுங்கள், அல்லது நல அலுவலகம் மூலம் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அதைவிட முக்கியமானது, வாய்மொழிக் கேள்விக்குப் பதில் டிரேட் டெஸ்ட் கேட்பது. ஒரு டிராயிங், 50 மில்லிமீட்டர் எம்.எஸ். (மென் எஃகு) துண்டு, அரம், மூலைமட்டம், வெர்னியர் கேலிப்பர் கொடுத்து ஒரு பக்கத்தை மட்டமாக்கி அளவெடுத்து எழுதச் சொல்லட்டும். 0.02 மில்லிமீட்டர் வரை வெர்னியரைச் சரியாகப் படித்து எழுதுகிறவனைப் பார்த்த பிறகு, அங்கே நடக்கும் பேச்சே மாறும். கூடவே ஒரு பக்கத்தில் அவனைப் பற்றிய குறிப்பும் இருக்கட்டும்: என்ன வேலை தெரியும், எந்த மெஷின் ஓட்டியிருக்கிறான், அவனிடம் தகவல் சொல்ல எது சரியான வழி. 'என் தம்பிக்கு இரக்கப்பட்டு ஒரு வேலை' என்ற தொனி அதில் எங்கும் வேண்டாம்.

வேலையின் வகையையும் யோசியுங்கள். பெஞ்ச் ஃபிட்டிங், அசெம்பிளி, பர் எடுப்பது (வெட்டிய உலோக விளிம்பில் நிற்கும் பிசிறை நீக்குவது), இன்ஸ்பெக்‌ஷன், சி.என்.சி. ஆபரேட்டர் எல்லாம் பொருந்தும். விசில் கேட்டு கிரேனுக்குச் சிக்னல் கொடுப்பது, ஃபோனில் ஸ்டோருக்குச் சொல்லிச் சாமான் வரவழைப்பது போன்றவை அவன் வேலையின் முக்கியப் பகுதியாக இருந்தால், அந்தப் பகுதியைக் கூட இருப்பவருக்கு மாற்றித்தரக் கேட்க வேண்டும்.

சட்டம் எதுவரை உதவும் என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்று 2016 சட்டத்தின் பிரிவு 20 சொல்வது அரசு நிறுவனங்களுக்கு. தனியார் கம்பெனிக்கு எழுதும் கடிதத்தில் அதை மட்டும் குறிப்பிட்டால், 'எங்களுக்குப் பொருந்தாது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அவர்களிடம் எடுத்துக்காட்ட வேண்டியவை வேறு. பிரிவு 3(3), ஊனத்தைக் காரணமாக வைத்து யாரும் பாகுபடுத்தப்படக் கூடாது என்கிறது. நியாயமான ஒரு நோக்கத்துக்கு அளவான வழிதான் அது என்று காட்டினால் மட்டுமே விலக்கு. பிரிவு 2(எச்) நியாயமான வசதியை மறுப்பதையும் பாகுபாடு என்றே வரையறுக்கிறது. பிரிவு 21, ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது. 2017 விதிகளின்படி, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனத்தின் கொள்கையில், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணியிடங்கள், தேர்வு முறை, பயிற்சி, பதவி உயர்வு, துணைக்கருவிகள் பற்றிய விவரமும், இவற்றைக் கவனிக்கத் தொடர்பு அலுவலர் ஒருவரின் நியமனமும் இருக்க வேண்டும். சேருமுன் ஹெச்.ஆரிடம் 'உங்கள் சமவாய்ப்புக் கொள்கையின் நகல் வேண்டும்' என்று பணிவாகக் கேளுங்கள். கையில் கிடைத்தால் அதிலேயே தொடர்பு அலுவலர் யார் என்று தெரிந்துவிடும். அப்படி ஒன்று இல்லையென்றால், உங்கள் கேள்வியாலேயே அதைத் தயார் செய்யத் தொடங்குவார்கள்.

இனி முதல் மூன்று மாதம். வேலை நிலைப்பதும் போவதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான்.

எல்லோரும் செய்கிற முதல் தவறு, 'எழுதிக் காட்டினால் போதும்' என்று நினைப்பது. பிறவியிலேயே காது கேளாதவருக்குத் தமிழ் காதில் விழுந்து வளர்ந்த மொழி இல்லை. அவன் சிந்திக்கும் மொழி சைகைதான். வேற்றுமை உருபும் 'இருந்தால்', 'இல்லாவிட்டால்' போன்ற நிபந்தனைகளும் கேட்டுக் கேட்டு நமக்குப் படிந்தவை. அவன் அவற்றைப் பள்ளியில் எழுத்தாகப் பார்த்தே கற்க வேண்டியிருந்தது. 'மேலாளரிடம் சொல்', 'மேலாளர் சொன்னார்' இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சின்ன உருபில் இருக்கிறது, அது கண்ணுக்கு எளிதில் தப்பும். இதை அறிவுக் குறைவு என்று எடுத்துக்கொள்பவர்கள் அவனுக்குப் பெரிய அநியாயம் செய்கிறார்கள்.

ஒரு சூப்பர்வைசர் வாட்ஸாப்பில் இப்படி அனுப்புவார்: 'நாளைக்கு செகண்ட் ஷிஃப்ட்டுக்கு மாத்திக்கிறதா இருந்தா முன்கூட்டியே சொல்லிடு, இல்லேன்னா வழக்கம்போல ஃபர்ஸ்ட்லயே வந்துடு.' அதில் தம்பியின் கண்ணில் நிற்கப்போவது 'நாளை', 'செகண்ட் ஷிஃப்ட்', 'வந்துடு' என்ற மூன்றுதான். மறுநாள் மதியம் வந்து நிற்பான், ஆப்சென்ட் விழுந்திருக்கும். அதையே இப்படி அனுப்பலாம்:

நாளை, 14-ஆம் தேதி.
ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்.
காலை 6 மணி.
ஷிஃப்ட் மாற்றம் வேண்டுமா? இன்று மாலை 5 மணிக்குள் மெசேஜ் போடு.

வரிக்கு ஒரு தகவல். தேதியும் மணியும் எண்ணில். நிபந்தனை இருந்தால் கேள்வியாக்கிக் கடைசியில். வேலை சம்பந்தப்பட்டது என்றால் பீஸைப் படம் எடுத்து, மாற வேண்டிய இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, அளவை மேலே எழுதி அனுப்பினால் போதும். இந்த மாதிரியைச் சூப்பர்வைசரிடம் சேருகிற முதல் நாளே அச்செடுத்துக் கொடுங்கள். ஷாப்பில் ஃபோன் தடை என்றால், இவனுக்கு மட்டும் அனுமதி கேளுங்கள், அல்லது மெஷின் பக்கத்தில் ஒரு சிறிய வெள்ளைப் பலகையும் மார்க்கரும் வைக்கச் சொல்லுங்கள். பேச்சை எழுத்தாக்கும் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி தமிழிலும் வேலை செய்கிறது. ஹெச்.ஆர். அறையில் பயன்படும். மெஷின் இரைச்சலிலும், பாதி இங்கிலீஷ் கலந்த ஷாப் பேச்சிலும் தப்பும் தவறுமாகவே வரும், அங்கே அதை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது.

இரண்டாவது தவறு, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான் என்று நம்புவது. உதட்டில் தெரிவது பேச்சின் ஒரு பகுதிதான். ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கும். 'மாட்டு' என்றாலும் 'பாட்டு' என்றாலும் பார்க்க ஒன்றுதான். 'கழற்று' என்பதில் பாதி ஒலி வாய்க்குள்ளேயே முடிந்துவிடும். இதில் மாஸ்க்கும் அடர்ந்த மீசையும் சேர்ந்தால் ஒன்றுமே கிடைக்காது. எண்களை எப்போதும் எழுதியோ விரலிலோதான் காட்ட வேண்டும்.

மூன்றாவது தவறு 'புரிஞ்சுதா?' என்று கேட்பது. அவன் தலையாட்டுவான். பள்ளியிலிருந்தே தலையாட்டினால்தான் எதிரில் இருப்பவர் கோபப்பட மாட்டார் என்று பழகிய தலை அது. 'செய்து காட்டு' என்று சைகையில் கேட்டு, முதல் பீஸைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டால் அந்த நாளில் ஸ்கிராப் விழாது. புது வேலை ஒவ்வொன்றுக்கும் முதல் பீஸ் சோதனை என்று ஒரு வழக்கம் வைத்துவிட்டால், காது கேட்கிறவர்களுக்கும் அது நல்லதே.

ஷிஃப்ட்டில் அவனுக்கு ஒரு கூட்டாளி வேண்டும். அதிகாரி யாரோ ஒரு தொழிலாளியைப் பிடித்து 'நீ பார்த்துக்கோ' என்று தள்ளிவிட்டால் அது ஒரு வாரம் தாங்காது. இரண்டு வாரம் போன பிறகு, யாரோடு சாப்பிடுகிறான், யார் தானாக அவன் தோளைத் தட்டிப் பேசுகிறார் என்று பார்த்து அவரைக் கேட்க வேண்டும். அந்த லைனில் உள்ளவர்களுக்குத் தினமும் ஷிஃப்ட் தொடக்கத்தில் பத்து நிமிடம், இரண்டு வாரத்துக்குச் சைகை சொல்லித்தரட்டும், சொல்லித்தருவது தம்பியாகவே இருக்கட்டும். நிறுத்து, ஆபத்து, சரி, தப்பு, எத்தனை, அளவு, மாற்று, காத்திரு, உதவி, நாளை, லீவு, ஓ.டி., சம்பளம், பஸ், சாப்பாடு என்று இருபது சைகை இருந்தால் அன்றாடம் ஓடிவிடும். கூப்பிட வேண்டுமானால் தோளை மெல்லத் தட்டலாம், கண்ணில் படும்படி கையசைக்கலாம். தூரத்திலிருந்து நட்டையோ போல்ட்டையோ எறிந்து திரும்ப வைக்கும் பழக்கம் பல ஷாப்களில் உண்டு. அது ஆபத்து, அதோடு அவமானம். முதல் வாரத்திலேயே நிறுத்தச் சொல்ல வேண்டும். 'ஊமை' என்று கூப்பிடுவதையும்தான். அவனுக்குப் பெயர் இருக்கிறது, சைகையிலும் ஒரு பெயர் இருக்கும்.

முதல் இடத்தில் அவனாக நின்றதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியவில்லை என்று தோன்றுகிறது. இப்படி நிற்பவர்களிடம் சைகை தெரிந்தவர் உட்கார்ந்து கேட்டால் வரும் பதில்களில் ஒன்று சாப்பாட்டு நேரத் தனிமை, இன்னொன்று சம்பளப் பிடித்தம். 15,000 ரூபாய் சம்பளம் என்று சொல்லிச் சேர்த்திருப்பார்கள். அதில் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 113 ரூபாய். கைக்கு வருவது 13,087. கேன்டீனும் பஸ்ஸும் பிடித்தால் இன்னும் குறையும். மற்றவர்களுக்கு இது பேச்சுவாக்கில் தெரிந்துவிடும். அவனுக்கு யாரும் சொல்லவில்லை என்றால், கம்பெனி தன்னை ஏமாற்றுகிறது என்றே எடுத்துக்கொள்வான், யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். முதல் சம்பளச் சீட்டு வந்த அன்றே ஒவ்வொரு வரியும் எங்கே போகிறது என்று அவனுக்குக் காட்டுங்கள், பி.எஃப். பாஸ்புக்கை ஃபோனில் திறந்து அவன் பணம் அங்கே சேர்வதைக் கண்ணால் பார்க்க வையுங்கள். ஈ.எஸ்.ஐ. சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000, மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 ரூபாய் என்பதும் நினைவிருக்கட்டும். இன்க்ரிமென்ட் வரும்போது ஹெச்.ஆர். அதை மறந்து அவனை ஈ.எஸ்.ஐ.யிலிருந்து நீக்கிவிடக் கூடும்.

சேஃப்டி என்று திருப்பி அனுப்பிய கதைக்கு வருகிறேன். சேஃப்டி ஆபீசரின் பயத்தை அலட்சியம் செய்ய வேண்டாம், விபத்து நடந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆனால் பயத்துக்குத் தொழில்நுட்பத்தில் பதில் இருக்கிறது, பட்டியலாகவே கொண்டுபோய்க் கொடுங்கள். தீ அலாரத்தோடு சேர்ந்து மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு அவன் வேலை செய்யும் இடத்திலும், கழிப்பறையிலும், உடை மாற்றும் அறையிலும் வேண்டும். கழிப்பறையைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஃபோர்க்லிஃப்ட் வருவது தெரிய, அதன் முன்னால் தரையில் நீல வெளிச்சம் விழும் விளக்கும் திருப்பங்களில் குவிகண்ணாடியும் வைக்கலாம். மெஷினில் சிவப்பு, மஞ்சள், பச்சை டவர் லாம்ப் இருக்கட்டும். அவன் வேலை செய்யும் திசையும் முக்கியம், நடைபாதைக்கு முதுகைக் காட்டி நிற்கும் மெஷினைத் தவிர்த்தாலே பாதி ஆபத்து குறையும். வெளியேற்ற ஒத்திகையில் அவனைக் கையோடு அழைத்துவர ஷிஃப்ட்டுக்கு இரண்டு பேரை நியமிக்க வேண்டும். ஒருவர் லீவில் இருந்தால் மற்றவர் இருப்பார். இரவில் கரென்ட் போனால் சைகையும் தெரியாது, அதனால் அவனிடம் ஒரு சிறிய டார்ச் எப்போதும் இருக்க வேண்டும்.

சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் கோளாறுகளும் உண்டு. பேரிங் போகும்போது வரும் கரகரப்பு, டூல் அதிரும் சத்தம் அவனுக்குக் கேட்காது. அதிர்வைக் கையில் உணர்வான், பலர் நுட்பமாகவே உணர்வார்கள். ஆனால் அதை மட்டும் நம்பாமல் மெஷின் மேல் விழும் சுமையைக் காட்டும் ஸ்பிண்டில் லோட் மீட்டரைப் பார்க்கவும், இத்தனை பீஸுக்கு ஒருமுறை டூல் முனையைச் சோதிக்கவும் பழக்க வேண்டும். அவன் காது கருவி போடுபவன் என்றால் ஷாப்பில் அதைக் கழற்றிவைக்க அனுமதிக்கச் சொல்லுங்கள். கருவி இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும், தலைவலிதான் மிஞ்சும். காதுப் பாதுகாப்பு அவனுக்கும் கட்டாயம், மிச்சமிருக்கும் கேட்கும் திறனையும் இழக்க வேண்டியதில்லை.

கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டால் தனியாக வர ஒரு டூவீலர் உதவும். காது கேளாதவருக்கு லைசென்ஸ் கிடையாது என்ற நம்பிக்கை இன்னும் ஓடுகிறது. டில்லி உயர் நீதிமன்றம் 2011-இலேயே அதற்கு வழி திறந்துவிட்டது. ஓட்டுநர் தேர்வில் தேறினால் சொந்த வாகனம் ஓட்டும் லைசென்ஸ் வாங்கலாம்.

இப்போது உங்களுக்கு வரும் ஃபோன். பாசத்தில் எடுக்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் நீங்கள் எடுத்து, அவனிடம் விசாரித்து, திரும்பக் கூப்பிட்டுச் சொல்லும் வரை, அவனிடம் நேராகப் பேச வேண்டிய அவசியமே அந்தக் கம்பெனிக்கு வராது. வேலைக்கு வைத்திருப்பது அவனை, பேசுவது உங்களோடு. ஒரு கோபமான நாளில் நீங்கள் ஃபோனை எடுக்காமல் போனால் வேலை போய்விடும். அதனால் சேரும்போதே ஒரு கால அட்டவணை சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு வாரம் எதற்கும் அழைக்கலாம். அதன் பிறகு 60-ஆம் நாள் வரை, அவனுக்கு மெசேஜ் போட்டு அரை மணி நேரம் பதில் இல்லையென்றால் மட்டும். 60-ஆம் நாளுக்குப் பிறகு உடல்நலம், விபத்து தவிர வேறெதற்கும் இல்லை. வேலைப் பயிற்சியாளர் ஒருவரை எந்தத் தொண்டு நிறுவனமாவது அனுப்பினாலும் இதே விதிதான். அவர் முதல் வாரம் முழுநாளும், பிறகு வாரத்தில் இரண்டு நாள், பிறகு மாதம் ஒருமுறை என்று விலக வேண்டும். விலகும் தேதி இல்லாத பயிற்சியாளர் காலப்போக்கில் அவனுடைய நிரந்தரக் குரலாகிவிடுவார்.

30, 60, 90 என்ற மூன்று நாட்களிலும் அரை மணி நேரக் கூட்டம் ஒன்றைக் கேளுங்கள். சூப்பர்வைசர், ஹெச்.ஆர்., தம்பி, சைகை மொழிபெயர்ப்பாளர். நீங்கள் வேண்டாம். மூன்று கேள்வி போதும்: எந்த வேலையில் தப்பு வந்தது, எந்தத் தகவல் வந்து சேரவில்லை, அடுத்து என்ன கற்றுக்கொள்ள வேண்டும். மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டால், பத்து வருடம் ஆனாலும் பர் எடுக்கும் இடத்திலேயே அவனை நிறுத்திவைப்பார்கள். கூடச் சேர்ந்தவர்கள் மெஷினை அமைத்துக்கொடுக்கும் செட்டர் ஆகும்போது தான் மட்டும் அப்படியே நிற்பது அவனுக்குத் தெரியும். வேலையை விடுவதற்கு அதுவும் ஒரு காரணமாகிவிடும்.

கடைசியாக, கையெழுத்து. முழுதாகப் புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று அவனுக்கு உறுதியாகப் பழக்குங்கள். தாளைப் படம் எடுத்து உங்களுக்கோ நண்பருக்கோ அனுப்பிவிட்டு, 'நாளை தருகிறேன்' என்று எழுதிக் காட்டலாம். ராஜினாமாக் கடிதத்தை விடுப்புக் கடிதம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்கு இடமே கொடுக்கக் கூடாது. மெமோ கொடுத்தால், விசாரணை வைத்தால், சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அன்றே எழுத்தில் கேட்க வேண்டும். தன் மேல் என்ன குற்றச்சாட்டு என்று புரியாமல் நடக்கும் விசாரணை, நியாயமான வாய்ப்புக் கொடுத்த விசாரணை ஆகாது. கம்பெனி கேட்கவில்லை என்றால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதலாம். அவர் பரிந்துரை அனுப்பினால் சம்பந்தப்பட்டவர்கள் நடவடிக்கை எடுத்து மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 81 சொல்கிறது. அப்படி எழுதும் நாள் வந்தால் உங்களிடம் இருக்க வேண்டியவை: நியமனக் கடிதம், சமவாய்ப்புக் கொள்கை கேட்ட மின்னஞ்சல், 30, 60, 90-ஆம் நாள் கூட்டக் குறிப்புகள், அந்த வாட்ஸாப் செய்திகளின் ஸ்கிரீன்ஷாட். முதல் நாளிலிருந்தே தேதிவாரியாக ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். அந்த ஃபோல்டர் தம்பியின் ஃபோனில் இருக்கட்டும்.